எந்த விரல் வலி?

ராஜா அண்ணாமலைபுரம்
3 ஜூலை 2025

ஆலிஸ்,

நலமான்னு கேட்டா, "இதைக் கேக்க இவ்வளவு நாளாச்சா"ன்னு நீ கேப்ப. அதனால கேக்கல. கை எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லு.

உன் தங்கச்சி லிண்டா எனக்குப் போன் பண்ணினா. "அத்தான், அக்கா உங்க போனை எடுக்காது, மெசேஜும் படிக்காது. ஏதாவது சொல்லணும்னா லெட்டர் எழுதுங்க"ன்னா. ஏன்மா இப்படின்னேன். "போன்ல நீங்க ஆரம்பிச்சா அக்காவுக்குப் பேச இடமே கிடைக்காதாம். லெட்டர்னா அது சொல்லி முடிக்கிற வரைக்கும் நீங்க குறுக்க வர முடியாதாம்"னா. பாலம் தாண்டினா பெசன்ட் நகர். அங்க இருக்கிற பொண்டாட்டிக்குக் கடுதாசி எழுதற ஆள் இந்த மெட்ராஸ்லயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். சரி, எழுதறேன்.

தபால்ல போட்டா என்னைக்கு வந்து சேருமோ. அதனால நம்ம மீன்காரம்மா குப்பம்மாகிட்ட குடுத்தனுப்பறேன், கேட்டு வெச்சுட்டேன். காலைல நம்ம தெருவுல வித்துட்டு மத்தியானம் ஊரூர் குப்பத்துக்குத்தானே திரும்பிப் போகுது, லிண்டா வீடு வழியிலதான். "இன்னா சார், பொண்டாட்டிக்கு லெட்டரா? இந்த வயசுல இன்னா ஷோக்கு கீது உனுக்கு"ன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி சிரிச்சுது. கவர்ல மீன் வாசனை அடிச்சா என்னைத் திட்டாத.

இன்னைக்குத் தோமையார் திருநாள். சாந்தோம் போயிருந்தேன், தனியா. பாடகர் குழுவுல எல்லாரும் "ஆலிஸ் எங்க?"ன்னு கேட்டாங்க. தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கான்னு சொன்னேன். பொய் இல்லையே.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஃபாதர் எரிக்கிட்ட நான் சொன்னது உன் நல்லதுக்குத்தான். உன் கை வீங்கியிருந்துச்சு. நம்ம பங்கு மாதா திருவிழாவுக்கு நவநாள் ஜெபப் புத்தகம் செய்யறதுன்னா ரெண்டு மாசம் நீ கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்க மாட்ட. அதான், "ஆலிஸ் இனிமே செய்யமாட்டா ஃபாதர், வேற ஆளைப் பாருங்க"ன்னேன். அவர் அடுத்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு அத்தனை பேர் முன்னாடி "என்ன ஆலிஸ், ரிட்டயர் ஆயிட்டீங்களாமே"ன்னு உன்கிட்டயே கேப்பார்னு நான் கனவா கண்டேன்? நீ அப்படியே வீட்டுக்கு வந்து பையைத் தூக்கிட்டுக் கிளம்புவேன்னுதான் எதிர்பார்த்தேனா?

சரி. இத்தோட ஒரு பெட்டி வருது. இதுக்குப் பேரு ட்ராக்பால். மவுஸ் மாதிரிதான், ஆனா மேசை மேல அதை இழுத்துக்கிட்டே இருக்க வேண்டாம். வெச்ச இடத்துல இருக்கும். அதுல ஒரு உருண்டை இருக்கு, அதை உருட்டினா திரையில அம்பு நகரும். மணிக்கட்டுக்கு வேலையே இல்லை. கூட ஒரு சாஃப்ட்வேரும் வருது. எந்தப் பட்டனை அமுக்கினா என்ன நடக்கணும், அம்பு எவ்வளவு வேகமா ஓடணும், எல்லாம் அதுல நம்ம இஷ்டத்துக்கு வெச்சுக்கலாம். வெச்சதை அந்த ட்ராக்பாலே ஞாபகம் வெச்சுக்கும், எந்தக் கம்ப்யூட்டர்ல செருகினாலும் சரி. ஸ்கூல் ஸ்கூலாப் போய்க் கம்ப்யூட்டர் மாட்டியே காலத்தை ஓட்டினவன் நான், எனக்குத் தெரியாதா? உனக்கு எல்லாத்தையும் செட் பண்ணிட்டேன். நீ கையை வெச்சா போதும்.

புத்தகத்துக்கு இல்லை. சும்மா வீட்டுல கம்ப்யூட்டர் பாக்கறதுக்கு.

லாய்ட்


பெசன்ட் நகர்
5 ஜூலை 2025

திரு. லாய்ட் அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் பெட்டியும் கிடைத்தன. பெட்டியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எழுத்து கோழி கிண்டியதுபோல் இருப்பதற்கு மன்னிக்கவும். இடது கையால் எழுதுகிறேன்.

தங்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி. எனக்கு எந்த விரல் வலி?

மணிக்கட்டு இல்லை. அடையாறு கிளினிக்கில் டாக்டர் பூஜா இரண்டு தடவை விளக்கிச் சொன்னார். தாங்கள் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தீர்கள். ஆனால் அவருடைய கம்ப்யூட்டர் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று அவருக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தீர்கள். வீங்கியிருப்பது கட்டை விரலை அசைக்கிற தசைநார். தாங்கள் அனுப்பிய கருவியில் உருண்டை பக்கவாட்டில் இருக்கிறது. அதை உருட்ட வேண்டியது கட்டை விரலால்.

லிண்டாவின் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்திலேயே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியால் மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

"எல்லாத்தையும் செட் பண்ணிட்டேன், நீ கையை வெச்சா போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஃபாதர் எரிக்கிடமும் இதையேதான் செய்தீர்கள். நான் கையை வைப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்துபோயிருந்தது.

இப்படிக்கு,
ஆலிஸ்
(ரிட்டயர் ஆனவர்)


ராஜா அண்ணாமலைபுரம்
7 ஜூலை 2025

ஆலிஸ்,

உன் கடிதத்தைப் படிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன். அடுப்புல வெச்ச பால் பொங்கி வழிஞ்சு, கருகின வாசனை வந்தப்புறம்தான் எழுந்திருச்சேன்.

கட்டை விரல். சத்தியமா எனக்குத் தெரியாது ஆலிஸ். கை வலின்னா கை வலின்னு நினைச்சேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து பக்கத்துலயே இருக்கேன், எந்த விரல்னு கேக்கத் தோணல பாரு. என்னத்தைச் சொல்ல.

பெட்டியைக் கடையில குடுத்து வேற வாங்கிட்டேன். கடைப் பையன் "சார், இதே நல்லாத்தானே இருக்கு"ன்னான். "எனக்கு இல்லப்பா, என் வீட்டம்மாவுக்கு, அவங்களுக்குக் கட்டை விரல் சரியில்லை"ன்னு சொன்னேன். இந்த வாக்கியத்தை முதல் தடவையா ஒரு கடைக்காரன்கிட்ட சொல்லியிருக்கேன்.

இதுல உருண்டை நடுவுல இருக்கு, நல்லா பெருசா. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வெச்சு உருட்டறது. சுத்தி ஒரு வளையம், அதைத் திருப்பினா பக்கம் மேல கீழ போகும். நாலு மூலைக்கு நாலு பட்டன். காலைல குப்பம்மா பாத்துட்டு, "இன்னா சார் இது, கோலிகுண்டாட்டம் கீது, வூட்ல யாரும் இல்லன்னு ஆடிக்கினு கீறியா?"ன்னு கேட்டுது.

இந்தத் தடவை அவசரப்பட்டு அனுப்பல. நானே கொஞ்ச நாள் வெச்சு ஓட்டிப் பாக்கறேன். நல்லா இருந்தா சொல்றேன்.

லாய்ட்


பெசன்ட் நகர்
9 ஜூலை 2025

லாய்ட்,

நல்லா இருக்கா இல்லையா என்பதை நான் முடிவு செய்துகொள்கிறேன். நீங்கள் ஓட்டிப் பார்த்து என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதுங்கள். தீர்ப்பு வேண்டாம்.

என்ன பார்க்க வேண்டும் என்றும் நானே சொல்கிறேன். ஏனென்றால் நான் அந்த மேசையில் உட்கார்ந்து என்ன செய்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியுமா? டீ கொண்டுவந்து வைப்பீர்கள், அதற்கு நன்றி. பிரிண்டர் மக்கர் செய்தால் சரி செய்வீர்கள். திரையில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

புத்தகத்தில் கடைசிப் பக்கங்கள், இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக வேண்டிக்கொள்கிற பெயர்கள். நான் அதிக நேரம் உட்காருவது அங்கேதான். ஒரு பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனால் அந்த வீட்டுக்காரர்கள் அடுத்த திருவிழா வரை சொல்லிக்காட்டுவார்கள். சொல்லட்டும், நியாயம்தானே, அவர்களுக்கு அது ஒன்றுதானே மிச்சம். அதனால் முதலில் பார்க்க வேண்டியது, அந்த அம்பு ஒரு சின்னப் புள்ளியின் மேல் போய் அசையாமல் நிற்குமா என்பது. பிறகு, ஒரு படத்தைப் பிடித்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போக முடியுமா. பாதியில் கை நழுவினால் படம் எங்கேயாவது போய் ஒட்டிக்கொள்ளும், மறுபடி தேட வேண்டும். அப்புறம், கரண்ட் போய் வந்தாலோ கம்ப்யூட்டர் தூங்கி எழுந்தாலோ அந்த சாஃப்ட்வேர் வைத்ததை மறக்காமல் இருக்கிறதா. என் பழைய கோப்புகள் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. திறந்து பாருங்கள். எதையும் அழிக்காதீர்கள்.

நான் ஏன் கோபமாக இருக்கிறேன் என்று லிண்டாவிடம் கேட்டீர்களாம். என்னிடம் கேட்டிருக்கலாம். சொல்கிறேன். எங்கள் அம்மா இறந்த வருஷம் அவர் பெயரை நான்தான் அந்தப் பக்கத்தில் ஏற்றினேன். உங்கள் அப்பா பெயரையும். அந்த வேலை எனக்கு வேண்டும், லாய்ட். கை முடியாமல் போனால் நானே ஃபாதரிடம் போய் "முடியவில்லை ஃபாதர்" என்று சொல்லி அழுதுவிட்டு வருவேன். அதைச் சொல்ல வேண்டியவள் நான்.

ஆலிஸ்


ராஜா அண்ணாமலைபுரம்
14 ஜூலை 2025

ஆலிஸ்,

ரிப்போர்ட் எழுதறேன். கொஞ்சம் நீளம். குறுக்க வராத.

முதல் நாள் எனக்கு எல்லாமே சுலபமா இருந்துச்சு. அம்பு மட்டும் பேய் பிடிச்ச மாதிரி ஓடிச்சு, சாஃப்ட்வேர்ல வேகத்தைக் குறைச்சேன், அடங்கிடுச்சு. உன் போன வருஷப் புத்தகத்தைத் திறந்து ஒரு படத்தைப் பிடிச்சு இழுத்தேன், போச்சு. "பிரமாதம், ஆலிஸுக்கு அனுப்பிடலாம்"னு எழுந்தேன். அப்ப என் கையைப் பாத்தேன். இழுக்கணும்னா ஒரு பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே உருட்டணும். அந்தப் பட்டன் கீழ் மூலையில இருக்கு. அதை அமுக்கிட்டிருந்தது என் கட்டை விரல்.

நல்லவேளை, அனுப்பல. இன்னொரு தடவை அந்தப் பெட்டி திரும்பி வந்திருந்தா நான் எங்க போய் மூஞ்சியை வெச்சுக்கறது?

அப்புறம் ஒண்ணு பண்ணேன். சிரிக்காத. உன் டிராயர்ல இருந்த கிரேப் பேண்டேஜை எடுத்து என் வலது கட்டை விரலை உள்ளங்கையோட சேத்துக் கட்டிட்டேன். இந்த விரல் இல்லாம என்ன முடியுது, என்ன முடியலன்னு பாக்கலாம்னு. ட்ராக்பாலுக்காகத்தான் கட்டினேன். ஆனா கட்டிக்கிட்டு வீட்டுல நடமாடணுமே.

சட்டை பட்டன் போட முடியல. மாவு டப்பா மூடியைத் திறக்க முடியல, ரெண்டு முட்டிக்கு நடுவுல இடுக்கிப் பாத்தேன், மாவு தரையில. சாவியைத் திருப்ப முடியல. கதவுக்கு வெளிய நின்னுக்கிட்டு எதிர் வீட்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

மத்தியானம் சாப்பிட உக்காந்தேன். குழம்பு ஊத்தி பிசைஞ்சேன், எடுத்தேன், வாய் கிட்ட கொண்டுபோனேன். சோறு விரல்லயே நிக்குது. உள்ள போகல. அப்பதான் எனக்கு உறைச்சுது. விரல்ல இருக்கிற சோத்தை வாய்க்குள்ள தள்றது கட்டை விரல்தான் ஆலிஸ். இத்தனை வயசுக்கு இது எனக்குத் தெரியல. தட்டுல பாதி, மடியில பாதி.

ஈஸ்டருக்கு அப்புறம் நீ ஸ்பூன்ல சாப்பிட ஆரம்பிச்ச. லிண்டா குடும்பம் வந்திருந்த அன்னைக்கு, பிரியாணி. எல்லாரும் கையில சாப்பிடறோம், நீ ஸ்பூன் கேட்ட. "பாருங்கப்பா, துரைசானிக்கு ஸ்பூன் வேணுமாம்"னு நான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்ச. எதுக்கு ஸ்பூன்னு நான் கேக்கல. அந்தத் தட்டு முன்னாடி உக்காந்து நான் அழுதேன், ஆலிஸ். சும்மா இல்ல, நல்லா அழுதேன்.

சரி, ரிப்போர்ட். கட்டை விரல் கட்டோடவே உன் வேலையெல்லாம் செஞ்சு பாத்தேன். புள்ளி மேல அம்பு நிக்குது, ஆனா வேகத்தை ரொம்பக் குறைச்சாத்தான். அவ்வளவு குறைச்சா பக்கத்தோட அந்தக் கோடிக்குப் போக நாலஞ்சு தடவை உருட்ட வேண்டியிருக்கு. இழுக்கறதுக்கு சாஃப்ட்வேர்ல ஒரு வழி இருக்கு. ஒரு பட்டனை ஒரு தடவை தட்டினா அது அமுக்கினபடியே நின்னுக்கும், மறுபடி தட்டினா விட்டுடும். அதை மேல் மூலைப் பட்டனுக்குக் குடுத்தேன், மோதிர விரலுக்கு வாட்டமா. படம் நழுவல. ஆனா சாஃப்ட்வேர் மண்டு. கம்ப்யூட்டர் தூங்கி எழுந்தா வெச்சதையெல்லாம் மறந்துட்டு முழிக்குது. கம்ப்யூட்டர்ல வைக்காம ட்ராக்பாலுக்குள்ளயே ஏத்தி வெச்சா மறக்கறதில்லை. கரண்டைப் பிடுங்கிப் பிடுங்கி பாத்துட்டேன். இன்னொண்ணு, உருண்டைக்கு அடியில தூசி சேருது, அப்ப அம்பு திக்கித் திக்கிப் போகுது. உருண்டையைக் கழட்டித் துடைக்கணும். கழட்டறதுக்குக் கட்டை விரல் வேணும். அது மட்டும் யாராவது செய்யணும்.

அந்தப் பெயர்ப் பக்கத்தையும் பாத்தேன். அப்பா பேரு இருந்துச்சு. ஒரு புள்ளி கூட விடல நீ.

நேத்து ஃபாதர் எரிக்கைப் போய்ப் பாத்தேன். "ஆலிஸ் செய்வா ஃபாதர்"னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். "அன்னைக்கு நான் சொன்னது என் பேச்சு. ஆலிஸைக் கேக்காம சொன்னது. நீங்க அவகிட்டயே கேளுங்க"ன்னேன். தி. நகர்ல ஒரு அச்சகத்துல விசாரிச்சிருக்காராம், இன்னும் குடுக்கலையாம். என் கட்டு போட்ட கையைப் பாத்துட்டு, "உங்களுக்கும் கை போச்சா?"ன்னு கேட்டார். ஆமா ஃபாதர்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

தீர்ப்பு எதுவும் எழுதல.

லாய்ட்


பெசன்ட் நகர்
16 ஜூலை 2025

என்னங்க,

முதல்ல அந்தக் கட்டை அவுத்துடுங்க. விறைச்சுப் போயிடும். ஒரு வீட்டுக்கு ஒரு கட்டை விரல் போனா போதும்.

உங்க கடிதத்தை நான் பால்கனியில உக்காந்து படிச்சேன். மாவு டப்பா வரைக்கும் சிரிப்பு. சோறு வந்ததும் என்னால முடியல. லிண்டா ஓடி வந்து, "அத்தான் மறுபடி என்ன சொன்னார்?"னு சண்டைக்கு நின்னா. இல்லடி, ஒண்ணும் சொல்லல, சோறு சாப்பிட்டிருக்கார்னேன். அவளுக்கு ஒண்ணும் புரியல.

ஒண்ணு சொல்றேன். அந்த பிரியாணி அன்னைக்கு நீங்க ஏன்னு கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருப்பேனான்னு தெரியல. "ஒண்ணுமில்லை, சும்மா"ன்னுதான் சொல்லியிருப்பேன். வலின்னு வாயைத் திறந்தா நீங்க உடனே கிளம்பிடுவீங்க. அதை நிறுத்து, இதை வாங்கு, அவன்கிட்ட பேசறேன், இவன்கிட்ட பேசறேன். அதுக்குப் பயந்துக்கிட்டே நான் வலியை மறைச்சேன். மறைச்சு மறைச்சுத்தான் இவ்வளவு வீங்கிச்சு. டாக்டர் திட்டினாங்க. முழுப் பழியையும் உங்க மேல போட மாட்டேன், பெரும்பங்கு போடுவேன்.

ஃபாதர் போன் பண்ணினார். "ஆலிஸ், இந்த வருஷம் புத்தகம் செய்ய முடியுமா?"ன்னு கேட்டார். "யோசிச்சு சொல்றேன் ஃபாதர்"னு சொன்னேன். அப்படிச் சொல்றதுக்கு எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா உங்களுக்கு? போனை வெச்சுட்டு லிண்டாகிட்ட அதையே இன்னொரு தடவை சொல்லிக் காட்டினேன்.

அந்த ட்ராக்பாலை அனுப்புங்க. லிண்டா லேப்டாப்ல வெச்சு நானே பாத்துட்டு ஃபாதருக்குப் பதில் சொல்றேன். நீங்க இவ்வளவு பாடுபட்டு வெச்ச செட்டிங்கோடயே அனுப்புங்க, பரவாயில்லை. என் பழைய கோப்புகளையும் ஒரு பென்டிரைவ்ல போட்டு அனுப்புங்க.

எதிர் வீட்டு அம்மாகிட்ட என்னைப் பத்தி என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?

ஆலிஸ்


ராஜா அண்ணாமலைபுரம்
18 ஜூலை 2025

ஆலிஸ்,

பெட்டி வருது. பென்டிரைவ் உள்ள இருக்கு. உருண்டையைத் தனியாக் கழட்டித் துடைச்சு என் சாக்ஸுக்குள்ள வெச்சிருக்கேன், துவைச்ச சாக்ஸ்தான். லிண்டாகிட்ட குடுத்து மாட்டச் சொல்லு.

செட்டிங் எதுவும் அதுல இல்லை. அழிச்சுட்டேன்.

நீ பரவாயில்லைன்னு எழுதியிருந்த. அதைப் படிச்சப்ப மனசுக்கு இதமா இருந்துச்சு, பொய் சொல்வானேன். ஒரு வாரமா அதோட மல்லாடி, பட்டன் பட்டனா வெச்சு, கரண்ட் பிடுங்கி, எல்லாம் பண்ணினேன். ஆனா அதெல்லாம் என் விரலுக்கு வெச்சது. உன் விரல் இன்னும் அதை ஒரு தடவை கூட தொடல. அந்த சாஃப்ட்வேர்ல எல்லாத்தையும் அழிச்சுக் கடையிலேர்ந்து வந்த மாதிரி ஆக்கிடற இடம் ஒண்ணு இருக்கு. அமுக்கினா "நிச்சயமா?"ன்னு கேக்குது. ரெண்டு தடவை வேண்டாம்னு குடுத்துட்டு எழுந்து போயிட்டேன். அப்புறம் வந்து ஆமான்னு குடுத்தேன். சாஃப்ட்வேரை எப்படித் திறக்கறது, எந்த இடத்துல என்ன மாத்தலாம்னு ஒரு துண்டுச் சீட்டுல இருக்கு. வேணும்னா பாரு, வேண்டாம்னா கசக்கிப் போடு.

வேலையிலேர்ந்து நின்னதுலேர்ந்து எனக்குச் சரி பண்றதுக்கு ஒண்ணுமே இல்லை ஆலிஸ். மிக்ஸி, ஃபேன், எதிர் வீட்டு டிவி, எல்லாம் ஆச்சு. மிச்சம் இருந்தது நீதான். உன்னைப் போட்டுப் படுத்திட்டேன்.

எதிர் வீட்டு அம்மாகிட்ட நீ கோவிச்சுக்கிட்டுப் போயிட்டேன்னே சொல்லிட்டேன். "நல்லா வேணும் உங்களுக்கு"ன்னாங்க. ஆனா ரசம் குடுத்து அனுப்பினாங்க.

நீ இல்லாத வீடு நல்லா இல்லை.

லாய்ட்


பெசன்ட் நகர்
25 ஜூலை 2025

என்னங்க,

இப்ப என் ரிப்போர்ட். நீங்களும் குறுக்க வராதீங்க.

லிண்டா உருண்டையை மாட்டிக் குடுத்தா. சாக்ஸ்ல ஓட்டை இருக்கு, அதைத் தூக்கிப் போடுங்க. செருகினேன். முதல்ல நீங்க செஞ்ச மாதிரியே வலது கை ஆள்காட்டி விரலை வெச்சேன். கட்டை விரலுக்கு வேலை இல்லைன்னாலும் அது சும்மா இருக்க மாட்டேங்குது, கூடவே இழுத்துக்கிட்டு வருது. வலிச்சுது. ஐயோ, அவ்வளவுதானான்னு ஆயிடுச்சு. அழுகையா வந்துச்சு. அப்படியே பேனாவை எடுத்து உங்களுக்கு எழுத உக்காந்தேன், இதுவும் சரிப்படலைன்னு.

எழுத ஆரம்பிச்சப்பதான் பேனா எந்தக் கையில இருக்குன்னு பாத்தேன்.

இத்தனை நாளா உங்களுக்கு இடது கையாலதான் எழுதறேன். கை பழகிப்போச்சு. ட்ராக்பாலைத் தூக்கி கீபோர்டுக்கு இந்தப் பக்கம் வெச்சேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே இருக்கு அது. இடது கையால உருட்டினேன். முதல் நாள் அம்பு எங்கயோ போச்சு, எங்கயோ வந்துச்சு. மூணாவது நாள் ஒரு புள்ளியில போய் நின்னுச்சு. நான் சத்தம் போட்டதுல லிண்டா பயந்துட்டா.

யோசிச்சுப் பாருங்க. நீங்க வெச்சது எல்லாம் வலது கைக்கு. மோதிர விரலுக்கு வாட்டமான மேல் மூலைன்னு எழுதினீங்களே, எனக்கு அது அந்தப் பக்கத்து மூலை. உங்க செட்டிங்கோட வந்திருந்தா எல்லாம் தலைகீழா இருந்திருக்கும். அமுக்கினா ஒண்ணு, நடக்கிறது ஒண்ணுன்னு ஆகி, "இதுவும் என்னால முடியல"ன்னு நான் அன்னைக்கே மூட்டை கட்டியிருப்பேன். அழிச்சு அனுப்பினீங்க பாருங்க, அதுக்கு உங்களுக்கு என் முத்தம். இதைக் குப்பம்மாகிட்ட படிச்சுக் காட்டிடாதீங்க.

குப்பம்மா அக்கா நேத்து வந்து பாத்துட்டு, "இன்னாம்மா, மாதா புத்தகத்த பீச்சாங்கையால செய்யிற, மாதா கோச்சுக்காதா?"ன்னு கேட்டுச்சு. "வேளாங்கண்ணி மாதாவைப் போய்ப் பாரு, கொழந்தையையே இடது கையிலதான் வெச்சிருக்கு"ன்னேன். அப்புறம் "ஆமால்ல"ன்னுட்டு கூடையைத் தூக்கிக்கிட்டுப் போச்சு.

உங்க துண்டுச் சீட்டை நான் கசக்கிப் போடல. அதை வெச்சுத்தான் ஒவ்வொண்ணா நானே போட்டேன். சுண்டு விரலுக்குக் கிளிக். மோதிர விரலுக்கு நீங்க கண்டுபிடிச்ச அந்தப் பிடிச்சு நிக்கற வித்தை. இன்னொரு மூலைக்குப் பக்கத்தைப் பெருசு பண்றது. வேகம் நீங்க வெச்சதா எழுதினதை விட கொஞ்சம் ஜாஸ்தி, நான் உங்களை விடக் கெட்டிக்காரி. ட்ராக்பாலுக்குள்ள ஏத்தி வெச்சுட்டேன், மறக்கல.

ஃபாதருக்குப் போன் பண்ணி, "செய்யறேன் ஃபாதர்"னு சொல்லிட்டேன். காலைல மட்டும்தான் வேலை, மத்தியானம் கைக்கு ஓய்வு, அவசரப்படுத்தினா விட்டுடுவேன்னும் சொன்னேன். எல்லாத்துக்கும் சரின்னார். இன்னைக்கு முதல் பக்கம் முடிஞ்சுது.

ஒரு பட்டன் மிச்சம் இருக்கு, கீழ் மூலையில, கட்டை விரல் பட்டன். எனக்கு அது உதவாது. அதுக்கு ஒரு வேலையும் குடுக்காம காலியா வெச்சிருக்கேன். அதுக்கு என்ன வைக்கலாம்னு நீங்க சொல்லுங்க. உங்களைக் கேக்கணும்னு தோணுது.

ஆலிஸ்


ராஜா அண்ணாமலைபுரம்
26 ஜூலை 2025

ஆலிஸ்,

இடது கை! ஒவ்வொரு கடிதமும் இடது கையால எழுதின. முதல் கடிதத்துல அதைச் சொல்லவும் சொன்ன. கோழி கிண்டின எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிச்சேன், படிச்சுட்டு வலது கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தேன். என்னை மாதிரி ஒரு மரமண்டையைக் கட்டிக்கிட்டு நீ என்ன சுகத்தைக் கண்டியோ.

"செய்யறேன் ஃபாதர்"னு நீ சொன்ன வரியை எத்தனை தடவை படிச்சேன்னு சொன்னா வெக்கக்கேடு. விடு.

அந்தப் பட்டனுக்கு என்ன வைக்கலாம்னு எனக்கு உடனே மூணு யோசனை வந்துச்சு. அதுல ஒண்ணு ரொம்பப் பிரமாதம். காகிதத்துல எழுதினேன், அடிச்சேன். எழுதினேன், அடிச்சேன். நீ உக்காந்து உருட்டறதை நான் இன்னும் பாக்கல. உன் கட்டை விரல் எங்க படியுது, எதுல இடிக்குதுன்னு எனக்குத் தெரியாது. பாக்காம சொன்னா பழைய கதைதான்.

அதனால கேக்கறேன். நாளைக்கு ஞாயித்துக்கிழமை. பூசை முடிஞ்சு நான் அங்க வரலாமா? வர்றேன்னு சொல்லல, வரலாமான்னு கேக்கறேன். உன் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டுக்கிட்டு வாயை மூடிக்கிட்டுத் திரையைப் பாக்கறேன். உருண்டையில தூசி இருந்தா துடைச்சுத் தர்றேன், நீ சொன்னா. வீட்டுக்கு வான்னு கூப்பிடல, அது நீ முடிவு பண்ண வேண்டியது.

வேண்டாம்னாலும் குப்பம்மாகிட்ட சொல்லி அனுப்பு. ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். நினைச்சுக்குவேன், ஆனா வெளிய காட்டிக்க மாட்டேன்.

லாய்ட்


பெசன்ட் நகர்
27 ஜூலை 2025

வாங்க.

குப்பம்மா அக்காகிட்ட சங்கரா மீன் வாங்கி வெச்சாச்சு, குழம்பும் கூட்டியாச்சு. சாப்பிட்டு முடிச்சு, என் பையைத் தூக்கிக்கிட்டு, என்னோட ஆட்டோவுல ஏறறீங்க. ட்ராக்பால் என் மடியில. இதையெல்லாம் நான் உங்களைக் கேக்காமலே முடிவு பண்ணிட்டேன்.

தட்டுக்குப் பக்கத்துல ரெண்டு ஸ்பூன் வெச்சிருக்கேன்.

ஆலிஸ்